ட்ராப் என்றால் பொறி: அமெரிக்கத் தெற்கின் ஹிப்-ஹாப், ஓர் அறிமுகம்

ராத்திரி நேரம். நான்கு சுவருக்குள் ஒருவன் தனியாக உட்கார்ந்து மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தூக்கம் இல்லை. புரண்டு படுத்தால் எரியும் உடல்கள் கண்ணுக்குள் வருகின்றன. யாரோ தன்னைத் தீர்த்துக்கட்ட வருவதாக ஒரு நினைப்பு. வருகிறவன் யார் என்று உற்றுப் பார்த்தால், அவன் தலையில் இருப்பது தன்னுடையதைப் போலவே ஒரு கறுப்புத் தொப்பி. கையில் தன்னுடையதைப் போலவே ஒரு கைத்தடி.

ஹூஸ்டன் நகரத்தின் கெட்டோ பாய்ஸ் குழு 1991இல் வெளியிட்ட ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. ‘மனசு என்னை ஏய்க்கிறது’ என்று தமிழில் சொல்லலாம். முதல் சரணத்தைப் பாடுபவர் ஸ்கார்ஃபேஸ். அடுத்த சரணத்தில் வில்லி டி கார் ஓட்டிக்கொண்டு போகிறார். பின்னால் ஒரு வண்டி விடாமல் வருகிறது. போன வாரம் சுட்டோமே அவனா, பணத்தில் ஏமாற்றினோமே அவனா என்று ஒவ்வொரு பகையாக எண்ணிப் பார்க்கிறார். கடைசியில் பார்த்தால் வண்டியில் இருப்பது தள்ளாத கிழங்கள் மூன்று பேர். மறுபடி ஸ்கார்ஃபேஸ் வருகிறார். செத்துத் தொலைக்கலாமா என்று தோன்றுகிறது, ஆனால் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பையன் இருக்கிறான். கூட இருந்த பெண்ணை மதிக்கவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் அவள்மேல் இருந்த அன்பு உறைக்கிறது. கடைசிச் சரணம் புஷ்விக் பில்லுடையது. பேய் வேஷம் போட்டுக்கொண்டு சுற்றும் ஹாலோவீன் ராத்திரியில் ஆறேழு அடி உயரத்தில் ஓர் உருவம் எதிரே வர, கூட்டாளிகளோடு சேர்ந்து அதைக் குத்து குத்தென்று குத்துகிறார். உருவம் மறைந்துவிடுகிறது. ரத்தம் சொட்டுவது அவர் கையிலிருந்தே. இவ்வளவு நேரமும் குத்தியது சிமென்ட் தரையை. அன்றைக்கு ஹாலோவீனும் இல்லை.

தெற்கு ஹிப்-ஹாப் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன். துப்பாக்கி, போதைமருந்து, பணம், கார் என்று இந்த இசையைப் பற்றி வெளியில் பேசப்படுகிற சமாசாரமெல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் பாட்டு நிற்கிற இடம் வேறு. தெருவில் ஜெயித்தவன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இதன் விஷயம். தெற்கத்தி ராப்பர்களிடம், அதாவது தாளத்தின்மேல் பேச்சுப் போலவே பாடுகிறவர்களிடம், நான் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான்.

எந்தத் தெற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னமெரிக்கக் கண்டம் இல்லை. அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்கள். டெக்ஸாஸில் ஹூஸ்டனும் போர்ட் ஆர்தரும், லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ், டென்னசியில் மெம்ஃபிஸ், ஜார்ஜியாவில் அட்லாண்டா, ஃபுளோரிடாவில் மயாமி. பருத்திக் காடுகளில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்த மண். ப்ளூஸ் பிறந்ததும் இங்கேதான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கூரை அதிரப் பாடும் வழக்கம் வேர்விட்டதும் இங்கேதான். ஹிப்-ஹாப் 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்கியது. அதனால் ரொம்ப காலத்துக்கு நியூயார்க்தான் அதன் தலைநகரம், லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்காரன், தெற்கு பட்டிக்காடு என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள், இவர்களுக்கு எதற்கு ராப் என்ற ஏளனமும் கூடவே இருந்தது.

அந்த ஏளனம் பகிரங்கமான நாள் 1995 ஆகஸ்ட் 3. நியூயார்க்கில் ‘தி சோர்ஸ்’ பத்திரிகையின் விருது விழா. சிறந்த புதிய குழு என்று அட்லாண்டாவின் அவுட்காஸ்டை அறிவித்ததும் அரங்கத்தில் கூச்சல். இருபது வயதுக்காரர் இரண்டு பேர் மேடையேறினார்கள். அதில் ஆந்த்ரே சுருக்கமாகச் சொன்னது இதுதான்: தெற்கிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைக்கும் அட்லாண்டாக்காரர்களுக்கு அது கல்வெட்டு வாசகம் மாதிரி. 2004இல் அதே அவுட்காஸ்ட் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

சரி, சொல்ல என்ன இருந்தது?

1980களில் விலை மலிந்த கிராக், அதாவது கட்டியாக்கிப் புகைக்கும் கொக்கெய்ன், நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஹூஸ்டன் பக்கம் எண்ணெய்த் தொழில் படுத்துப் பல பேருக்கு வேலை போயிருந்த நேரமும் அதுதான். 1986இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. விற்க வைத்திருந்த 5 கிராம் கிராக்கோடு பிடிபட்டால் குறைந்தது 5 வருடம் சிறை. பொடியாக இருக்கும் கொக்கெய்னுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். ஒரு பக்கம் டீஸ்பூன் அளவு, இன்னொரு பக்கம் மளிகைக் கடையின் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம். இரண்டும் ஒரே சரக்குதான். ஏழைக் கறுப்பினத் தெருக்களில் புழங்கியது முதல் வகை, வசதியானவர்களின் விருந்துகளில் புழங்கியது இரண்டாவது வகை. 2010இல்தான் 1க்கு 100 என்ற இந்த விகிதத்தை 1க்கு 18 ஆகக் குறைத்தார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கேட்டால், சிறைக்குப் போன அப்பா, அண்ணன், நண்பன் என்று இந்தப் பாடல்களில் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்பது புரியும்.

குடியிருப்பு என்பதும் ஒரு பெரிய விஷயம். ‘ப்ராஜெக்ட்ஸ்’ என்று ராப்பர்கள் சொல்வது அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிய அடுக்குமாடிகளை. நம் ஊர் ஹவுசிங் போர்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். அமெரிக்க அரசின் முதல் பொதுக் குடியிருப்பான டெக்வுட் ஹோம்ஸ் அட்லாண்டாவில்தான் 1936இல் திறக்கப்பட்டது. 1996 ஒலிம்பிக்ஸ் வருகிறது என்றதும் அதை இடித்தார்கள். அந்தச் சமயத்தில் அதே ஊரின் குடி மாப் குழு (நம் ‘குடி’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ‘செல் தெரபி’ என்று ஒரு பாட்டுப் போட்டது. அதில் ஒரு கேள்வி வரும்: எங்கள் குடியிருப்பைச் சுற்றி கேட் போட்டிருக்கிறார்களே, அது திருடன் உள்ளே வராமல் இருக்கவா, நாங்கள் வெளியே போகாமல் இருக்கவா? ‘டர்ட்டி சவுத்’, அதாவது அழுக்குத் தெற்கு, என்ற பெயரைப் பரப்பியதும் இவர்களுடைய 1995 ஆல்பம்தான். அழுக்கு என்ற வார்த்தையைத் தாங்களே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள்.

அவுட்காஸ்டும் குடி மாப்பும் உருவான இடத்துக்கு ‘டஞ்சன்’ என்று பெயர். நிலவறை என்று அர்த்தம். பாட்டமைப்பாளர் ரிக்கோ வேடின் அம்மா வீட்டில், தரைக்குக் கீழே, சிவப்பு மண் அப்படியே தெரிகிற ஓர் அறை. ஸ்டுடியோ என்று சொல்ல எதுவும் கிடையாது. பையன்கள் அங்கேயே கிடந்து எழுதி, அங்கேயே தூங்கி எழுந்திருக்கிறார்கள். அந்த ஆல்பங்களில் கிட்டாரும் ஆர்கனும் ஈரமண் வாசனையோடு வருவதாக எனக்கு ஒரு பிரமை. இடம் தெரிந்த பிறகு வந்த பிரமையாக இருக்கலாம்.

சர்ச் பற்றியும் சொல்ல வேண்டும். குடி மாப்பின் சீ-லோவுக்கு அப்பா அம்மா இரண்டு பேருமே போதகர்கள். தெற்கத்தி ராப்பில் பாவம், தீர்ப்பு, மன்னிப்பு என்ற சொற்கள் அடிக்கடி வருவதற்குக் காரணம் இந்த வளர்ப்புதான். ராத்திரி சரக்கு விற்றவன் காலையில் பாட்டியோடு சர்ச்சில் உட்கார்ந்திருப்பான். பாட்டு அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் கிடந்து அல்லாடும்.

இதற்கு யூ.ஜி.கே. குழுவின் ‘ஒன் டே’ நல்ல உதாரணம். யூ.ஜி.கே. என்பது பிம்ப் சி, பன் பி என்ற இரண்டு பேர். ஊர் போர்ட் ஆர்தர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்குக் கீழே இருக்கும் சின்ன ஊர். பிம்ப் சிக்குத் தன் இசையை ஹிப்-ஹாப் என்று சொல்வதே பிடிக்காது, ‘நாட்டுப்புற ராப் பாட்டு’ என்பார். 1996இல் வந்த ‘ரைடின் டர்ட்டி’ ஆல்பத்தில் இருக்கிறது இந்தப் பாட்டு. இன்றைக்கு இருக்கிறோம், நாளைக்கு இல்லை என்பதுதான் பல்லவி. பிம்ப் சியின் சரணத்தில், வீடு தீப்பிடித்ததில் நண்பன் ஒருவனின் குழந்தை இறந்துபோகிறது. அன்று ராத்திரி முழங்காலிட்டு அவர் கடவுளிடம் கேட்கிறார்: கொலைகாரன்களையெல்லாம் வாழவிட்டுவிட்டு, என் நண்பனின் பிள்ளையை ஏன் எடுத்தாய்? இழவு வீட்டில் நம் பாட்டிகள் சாமியைத் திட்டுவார்களே, அதே கோபம்தான். இதைப் பாடுகிறவர் தன்னை ‘பிம்ப்’, அதாவது பெண்களை வைத்துத் தொழில் நடத்துகிறவன், என்று பெயரிட்டுக்கொண்டவர், வேறு பாடல்களில் வாய் கூசாமல் பேசுகிறவர் என்பதும் சேர்ந்துதான் அந்த ஆள்.

பெண்கள் விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடல்களில் பெண்களைப் பற்றி வரும் பேச்சு பல இடங்களில் கேவலமாக இருக்கிறது. ‘அந்தக் காலம், அந்தச் சூழல்’ என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. அதே தெருவைப் பெண்கள் பாடியதும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் மியா எக்ஸ், மெம்ஃபிஸின் கேங்ஸ்டா பூ, மயாமியின் ட்ரீனா எல்லோரும் ஆண்களின் குழுக்களுக்கு நடுவே குரல் தணியாமல் நின்றவர்கள். கேட்கத் தொடங்குகிறவர் இவர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஹூஸ்டனுக்குத் திரும்புவோம். அங்கே டி.ஜே. ஸ்க்ரூ என்று ஒருவர் இருந்தார். ராபர்ட் ஏர்ல் டேவிஸ் என்பது நிஜப் பெயர். அவர் செய்த வேலை சொல்ல எளிது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்றைக் கொஞ்சம் பின்னால் ஓடவிட்டு, மாற்றி மாற்றிச் சொடுக்குவார். அதனால் சில சொற்கள் திக்குகிற மாதிரி இரண்டு தரம் கேட்கும். அது ‘சாப்’. அப்புறம் மொத்தத்தையும் டேப்பில் வேகம் குறைத்துப் பதிவார். குரல் கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அது ‘ஸ்க்ரூ’. சாம்பல் நிற கேசட்டில் பதிந்து தன் வீட்டு வாசலிலேயே விற்றார். சாயங்காலமானால் கார்கள் வரிசையாக நிற்கும். அக்கம்பக்கத்துப் பையன்கள் அவர் வீட்டுக்கு வந்து, அந்த மெதுவான தாளத்தின்மேல் மனத்தில் வந்ததைப் பாடுவார்கள்: தெருவின் பெயர், பள்ளியின் பெயர், செத்தவன் பெயர், உள்ளே இருக்கிறவன் பெயர். ஒரு ஊரே நாட்குறிப்பு எழுதி வைத்த மாதிரி இருக்கும் அந்த டேப்புகள்.

அந்த மெதுவோடு சேர்த்துப் பேசப்படுவது கோடீன் என்ற போதை தரும் வலிநிவாரணி கலந்த இருமல் மருந்து. சோடாவில் ஊற்றிக் குடிப்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. பாட்டுகளில் அதற்கு எத்தனையோ செல்லப் பெயர்கள். ஸ்க்ரூ 2000 நவம்பரில் 29 வயதில் இறந்தார். ரத்தத்தில் கோடீன் இருந்தது. சிறையிலிருந்து 2005 கடைசியில் வெளியே வந்த பிம்ப் சி, 2007 டிசம்பரில் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். காரணம் அதே மருந்தும், தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயும். இதைத் தெரிந்துகொண்டு அந்த மெதுவான குரலைக் கேட்கிறபோது சுகமும் சங்கடமும் ஒன்றாகத்தான் வரும்.

இனி தலைப்பில் இருக்கும் சொல். அட்லாண்டாவில் போதைமருந்து விற்கும் வீட்டுக்கு ‘ட்ராப்’ என்று பேர். பெரும்பாலும் ஆள் குடியிருக்காத பழைய வீடு. உள்ளே போக ஒரு வழி, வர அதே வழி. எலிக்குப் பொறி எப்படியோ அப்படி. தேங்காய்த் துண்டு உள்ளே இருப்பது எலிக்குத் தெரியும், கதவு விழும் என்பதும் கொஞ்சம் தெரியும். 2003இல் அட்லாண்டாவின் ராப்பர் டி.ஐ. தன் ஆல்பத்துக்கு ‘ட்ராப் மியூசிக்’ என்று பெயர் வைத்தார். இரண்டே வருடத்தில் யங் ஜீஸியும் கூச்சி மேனும் அதே வீட்டைப் பாடி வந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க, நம் சினிமாப் பாட்டு வரைக்கும், ‘ட்ராப் பீட்’ என்று கேட்கிறோமே, அதன் வேர் இந்த வீடுதான். ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சில வருடம் மட்டுமே தயாரித்துக் கைவிட்ட 808 என்ற தாளக் கருவியின் நெஞ்சதிரும் அடி, மேலே மழைத்தூறல் மாதிரி பொழியும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டின் ஓசை. தாளம் மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது, வீடு அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

டி.ஐ.யின் அந்த ஆல்பத்தில் ‘டி.ஐ. வெர்ஸஸ் டிப்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. டிப் என்பது தெருவில் அவருக்கு இருந்த பெயர். இசையுலகத்துக்கு வந்த டி.ஐ.யும் தெருவை விடாத டிப்பும் சண்டை போடுகிறார்கள். ‘உன்னால் வீணாகப் போகிறோம், கொஞ்சம் அடங்கு’ என்கிறார் ஒருவர். ‘நான் இல்லாமல் நீ ஏது, என் கதையை விற்றுத்தானே நீ பெரிய ஆள் ஆனாய்’ என்கிறார் மற்றவர். இரண்டு குரலும் ஒரே ஆளுடையது. கெட்டோ பாய்ஸ் பாட்டில் துரத்தி வந்தவன் தன் தொப்பியையே போட்டிருந்தானே, அதே கதைதான், பன்னிரண்டு வருடம் கழித்து, பகல் வெளிச்சத்தில். சட்டவிரோத ஆயுதக் குற்றத்துக்காக டி.ஐ. 2009இல் நிஜமாகவே சிறைக்குப் போனார். சண்டையில் டிப் அவ்வப்போது ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தெருவின் அறிவு வேறு விதத்திலும் உதவியது. நியூயார்க் கம்பெனிகள் தெற்கைத் திரும்பிப் பார்க்காததால் ஹூஸ்டனில் ராப்-ஏ-லாட், நியூ ஆர்லியன்ஸில் நோ லிமிட், கேஷ் மணி என்று சொந்தக் கம்பெனி நடத்தினார்கள். கார் டிக்கியில் கேசட்டை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்றார்கள். சரக்கை முடங்கவிடாதே, கைக்காசைக் கணக்கு வை, இடைத்தரகனை நம்பாதே என்ற பாடங்களெல்லாம் வேறு தொழிலில் படித்தவை.

இதையெல்லாம் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இவர்கள் பாடுவதெல்லாம் இவர்களே செய்ததா? சில நேரம் ஆமாம், பல நேரம் இல்லை, பெரும்பாலும் கலவை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததை ‘நான்’ என்று பாடுவது இங்கே சகஜம். தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. குறுந்தொகைப் பாட்டின் கீழே ‘தலைவி கூற்று’ என்று போட்டிருந்தால், எழுதிய கபிலரே காதலனை நினைத்து உருகினார் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லையே.

அமெரிக்க நீதிமன்றங்கள் அப்படி எடுத்துக்கொண்டிருக்கின்றன. நோ லிமிட் கம்பெனியில் மேக் ஃபிப்ஸ் என்று ஓர் இளம் ராப்பர். 2000இல் லூசியானாவில் ஒரு கிளப்பில் துப்பாக்கிச் சூடு நடந்து ஓர் இளைஞர் இறந்தார், மேக்கைப் பிடித்தார்கள். அதற்கு முன் அவர்மேல் எந்தக் குற்றப் பதிவும் இல்லை. சுட்டது நான்தான் என்று வேறொருவர் ஒப்புக்கொண்டும் பலிக்கவில்லை. அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் மேக்கின் பாட்டு வரிகளைச் சொன்னார். சொன்னதிலும் ஒரு பாட்டின் வரியோடு இன்னொரு பாட்டின் வரியை ஒட்டிச் சொன்னார். அந்த இரண்டாவது வரி வியட்நாம் போருக்குப் போய்வந்த தன் அப்பாவைப் பற்றி மேக் எழுதியது. பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள். அந்த மாநிலத்தில் அன்றைக்கு அது போதும். 30 வருடத் தண்டனை. 2021இல்தான் வெளியே வந்தார். 2022இல் அட்லாண்டாவின் ராப்பர் யங் தக் மேல் போட்ட வழக்கின் குற்றப்பத்திரிகையிலும் பாட்டு வரிகள் இடம்பெற்றன.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், மேலே சொன்ன பாட்டுகளின் வரிசையே போதும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாவிட்டால் கவலைப்படாதீர்கள், எனக்கு யூ.ஜி.கே. பிடிபட ஆறேழு தரம் ஆயிற்று. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டதில்தான் நடந்தது.

அது பழகிய பிறகு, ஸ்க்ரூவின் ‘ஜூன் 27’ டேப்பைத் தேடிக் கேளுங்கள். 1996இல் நண்பன் ஒருவனின் பிறந்தநாளுக்காகப் பதிந்தது. ஒரே தாளம் அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். மைக் கை மாறிக்கொண்டே இருக்கும். எழுதி வைத்த வரி எதுவும் இல்லை. சிரிக்கிறார்கள், காரைப் பற்றிப் பீற்றுகிறார்கள், பிறந்தநாள்காரனை வாழ்த்துகிறார்கள். அதில் பாடிய பிக் மோ 2007இல் மாரடைப்பு வந்து போய்விட்டார். பிக் போக்கி 2023 ஜூனில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்தார். டேப்பில் இரண்டு பேருக்கும் இருபத்திச் சொச்சம் வயசு, அடுத்து யார் பாடுவது என்பதுதான் அந்த ராத்திரியின் ஒரே கவலை.